'கோ' சொன்னா ரெண்டாங் கரண்டி கெடையாது

...அதுக்குப் பேரு படிப்பா சார்? நீங்களே சொல்லுங்க. படிச்சிட்டு வேலைக்குப் போறவங்கள பாத்திருக்கேன். வேல கெடைக்காம மறுக்கா படிக்கப் போறவங்களையும் பாத்திருக்கேன். இவ இன்னாடான்னா அமெரிக்காலேர்ந்து ஏரோப்ளேன் ஏறி, ரயிலேறி, பஸ்ஸேறி, இந்த ஜவ்வாது மலைமேல வந்து, சம்பளம் வாங்காம புள்ளைங்களுக்கு இங்கிலீசு சொல்லிக்குடுக்கிறா. ஏம்மா இப்பிடின்னு கேட்டா, இதுதான் என் படிப்புன்றா.

ஒக்காருங்க சார், நிக்காதீங்க. அந்த எண்ண டின்னு மேல ஒக்காருங்க. காலி டின்னுதான், வேட்டில ஒண்ணியும் ஒட்டாது. பஸ்ஸு மேல மரத்தூர் வரிக்கும் போய்ட்டு, அங்க டிரைவரு டீ குடிச்சிட்டு, கண்டக்டரு யாருகிட்டயாச்சும் பலாப்பழத்துக்கு பேரம் பேசிட்டு, அப்புறமாத்தான் எறங்கி வரும். ஆரன் அடிச்சா இங்க கேக்கும். அதுக்குள்ள வெல்லம் போட்டு காப்பி வெக்கிறேன். பால் இல்ல. பவுடரு பால் கீது, ஆனா அது ஆஸ்டல் புள்ளைங்களுது, அத்த தொட்டா வார்டன் ராஜாக்கண்ணு சாரு மூஞ்ச தூக்கி வெச்சிக்குவாரு. நான் கோதும பொறுக்கிகினே பேசறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. பொழுது சாயறதுக்குள்ள உப்புமா கிளறணும். சமையலுக்கு நான் ஒருத்திதான், சம்பூர்ணம்னா மலையில அல்லாருக்கும் தெரியும்.

இந்தக் கோதும கூட அமெரிக்கா கோதுமதான். மூட்டை மேல ரெண்டு கை குலுக்கறாமாரி படம் போட்டு வரும். இவ வந்த மொத நாளு தட்டுல போட்டேன். மலைநாட்டு சாப்பாடுன்னு ஆசையா வாயில வெச்சா. நான் போயி மூட்டைய இழுத்துகினு வந்து காட்டினேன், பாரும்மா, உங்க ஊருதுதான்னு. மூட்டைய குனிஞ்சி உத்துப் பாத்தா. அப்புறம் சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரிக்கும் சிரிச்சா. அன்னிக்கே எனக்கு இவள புடிச்சிபோச்சு. நான் இன்னா சொல்லிகினு இருந்தேன்?

ஆங், படிப்பு. அவ ஊருல ஒரு காலேஜாம். இங்கிலீசு தெரியாதவங்களுக்கு இங்கிலீசு எப்பிடி சொல்லிக்குடுக்கிறதுன்றதுக்கே தனியா ஒரு பெரிய படிப்பாம். கொஞ்ச நாளு அங்க ஒக்காந்து பாடம் கேக்கணுமாம். அப்புறம் வேற ஏதாச்சும் ஒரு தேசத்துக்கு வந்து, ஊழியமா, கூலியில்லாம சொல்லிக்குடுக்கணுமாம். சொல்லிக்குடுக்கிறப்ப புள்ளைங்க எங்க தப்பு பண்ணுது, ஏன் தப்பு பண்ணுதுன்னு பாத்து, அத்த ஒரு புஸ்தகம் கணக்கா எழுதி அனுப்பணுமாம். அது சரியா இருந்தா பட்டம். இல்லன்னா ரெண்டு வருசமும் வீணு. புள்ளைங்க தப்பு பண்ணா வாத்தியாருக்குப் பட்டம், பாத்தீங்களா கூத்த? நம்ம ஊருல புள்ளைங்க தப்பு பண்ணா புள்ளைங்களுக்குதான் அடி.

பேரு எலினோரு. என் வாயில அது பெரளல, எல்லம்மான்னு வெச்சிட்டேன். அவளும் சரின்னுட்டா. புள்ளைங்களுக்கு மிஸ்ஸு, எனக்கு எல்லம்மா. அவ என்னைய 'அம்மையாரே'ன்னு கூப்புடுவா. மெட்ராசுல யாரோ அவளுக்கு கொஞ்ச நாளு தமிழ் சொல்லிக்குடுத்தாங்களாம். அந்தத் தமிழ நான் பொறந்ததுலேர்ந்து எங்கியும் கேட்டதில்ல சார். வந்த புதுசுல அடுப்பாண்ட நின்னுகினு, 'அம்மையாரே, இன்று யாது உணவு'ன்னா. யாருக்கு உணவுன்னு கேக்கறான்னு நெனச்சி, புள்ளைங்களுக்குதாம்மான்னேன். அவ தலைய ஆட்டிட்டுப் பூட்டா. அன்னிக்கு பூரா ரெண்டு பேருக்கும் கொழப்பம்.

நீங்க சிரிக்கிறீங்க. காலைல கூட பாத்தேன், பள்ளிக்கூடத்து வாசல்ல புள்ளைங்கள நிக்க வெச்சி பேசிகினு இருந்தீங்களே. காவலூருல நட்சத்திரம் பாக்கற ஆபீசுக்காரருதானே? பாத்தாலே தெரியுது, கண்ணாடி அம்மாம் தடிமனா கீது. அங்கேர்ந்து அப்பப்ப தேனு வாங்க, புளி வாங்க சாருங்க வருவாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். ராத்திரி பூரா வேல செஞ்சா பகல்ல பேச்சு வராதுதான்.

இந்த செவுரு பாத்தீங்களா? இந்தப்பக்கம் என் அடுப்பு, அந்தப்பக்கம் அவ கிளாசு. கூரைக்கும் செவுத்துக்கும் நடுவுல இம்மாம் சந்து கீது, அங்க பேசறது இங்க கேக்கும், இங்க தாளிக்கிறது அங்க வீசும். கிளாசுல அவ தமிழே பேச மாட்டா. அதான் அவ படிச்ச மொறையாம். எதுவா இருந்தாலும் செஞ்சி காட்டியே புரிய வெக்கணுமாம். ஒக்காந்து காட்டி 'சிட்'டுன்னுவா, நின்னு காட்டி 'ஸ்டாண்டு'ன்னுவா. புள்ளைங்களுக்கு கண்ணுக்குத் தெரியும். எனக்கு வெறும் சத்தந்தான். இருந்தும் கத்துகினேன் சார். மொதல்ல 'கம்மு'ன்னு சத்தம் வந்துதா, கம்முனு இருங்கன்னு அதட்டறா போலகீதுன்னு நெனச்சிட்டேன். ரெண்டு நாளு நானும் பாத்திரம் சத்தம் பண்ணாம கம்முனு சமைச்சேன். அப்புறம் அம்சவல்லின்னு ஒரு பொண்ணு, அஞ்சாங்கிளாசு, கெட்டிக்காரி, அவ சொன்னா, ஆயா, கம்முன்னா வான்னு அர்த்தம்னு. நாயிகிட்ட சொல்லிப் பாத்தேன். வருது சார்.

இதுவரிக்கும் நல்லாத்தான் இருந்துது. அப்புறம் ஒரு நாளு வந்துது பாருங்க அந்த 'கோ'.

'ஐ கோ ஹோம், ஐ கோ ஹோம்'னு மொத்த கிளாசும் கத்துது. பாட்டாவே கட்டிட்டா. எனக்கு அர்த்தம் தெரியல, நல்ல ராகமா இருக்குதேன்னு நானும் கூடவே பாடிகினு வெங்காயம் அரிஞ்சேன். அந்த வாரமே கருப்பன்னு ஒரு பையன் பையத் தூக்கிகினு அவன் ஊருக்கு நடையக் கட்டிட்டான். மறுநாளு அவன் சித்தப்பன் மவன். அப்புறம் ஒரு பொண்ணு. இந்தப் புள்ளைங்க எல்லாம் அங்கங்க மலையூருலேர்ந்து வந்து தங்கிப் படிக்குதுங்க சார். சாமை அறுப்பு வந்துட்டா, புளி உலுக்கற காலம் வந்துட்டா, வூட்டு ஞாபகம் வந்துடும், ஏறி எறங்கி ஓடிடுங்க. எண்ணிக்க கொறஞ்சா ஆஸ்டல மூடிடுவாங்க. மூடிட்டா அதுங்களுக்கு படிப்பு எங்க, எனக்கு அடுப்பு எங்க?

அம்சவல்லிய கூப்ட்டு, இன்னாடி அது கோ கோன்றீங்கன்னு கேட்டேன். போறேன்னு அர்த்தம் ஆயா, நான் வூட்டுக்குப் போறேன்னு அர்த்தம்னா.

கையில இருந்த கரண்டிய கீழ வெச்சிட்டேன் சார். தெனம் காலைல எழுந்து, பல்லு வெளக்கி, பொட்டு வெச்சி, வரிசையா ஒக்காந்து நான் வூட்டுக்குப் போறேன், நான் வூட்டுக்குப் போறேன்னு பாட்டு பாடினா அந்தப் புள்ளைங்க வூட்டுக்கு ஓடாம இன்னா பண்ணும்?

நீங்களே சொல்லுங்க. வெளிய காலு வெக்கிறவன் வர்றேன்னு சொல்லணுமா, வாணாமா? உங்க வூட்லயும் அதானே சொல்வீங்க? எம் புருசன் சின்னராசுக்கு அது தெரியல. அன்னிக்கு காலைல சட்டைய மாட்டிகினு, வாணியம்பாடிக்கு தோல் மண்டி வேலைக்கு போறேன்னான். வர்றேன்னு சொல்லுயான்னேன். போறேன்னாதான் போறேன், அதுல இன்னா கீதுன்னான். சொன்னாமாரியே போனான். போனவன் அங்கியே ஒரு வூடு புடிச்சி, ஒருத்திய வெச்சிகினு கீறான். பாஷா பாய் புளி வாங்க மேல வர்றப்பல்லாம் ஒண்ணு சொல்லாம போவ மாட்டாரு, 'சம்பூர்ணம், உன் வூட்டுக்காரன பாத்தேன், நல்லா பூசினாப்ல கீறான்'னு. நான் கேட்டனா அவர? ஆனா ஒண்ணு சார். வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பான். வர்றேன்னு சொல்லிட்டு வராம இருக்கறதுக்கு மனுசனுக்கு கூச்சமா இருக்காது? போறேன்னு சொன்னவனுக்கு இன்னா கூச்சம்? அவன் சொன்னத அவன் செஞ்சான்.

காப்பி ஆறுது பாருங்க. குடிங்க.

அன்னிக்கே சட்டம் போட்டேன். இந்த ஆஸ்டல்ல யாரும் கோ சொல்லக்கூடாது. சாப்பாட்டு வரிசையில தட்ட நீட்டுறப்ப ஒவ்வொருத்தரும் இங்கிலீசுல ஒண்ணு சொல்லணும். எங்க காலு வெச்சாலும் கம்முதான். பள்ளிக்கூடத்துக்கா, 'ஐ கம் ஸ்கூலு'. ஆத்துக்கா, 'ஐ கம் ரிவரு'. பொங்கலுக்கு வூட்டுக்கா, 'ஐ கம் ஹோமு'. சொன்னா ரெண்டாங் கரண்டி உண்டு, மேல வெல்லத்தூளும் உண்டு. கோன்னு வாயத் தொறந்தா ஒரு கரண்டியோட சரி. பட்டினி போடல சார், அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? மொதக் கரண்டி சர்க்காரு குடுக்கிறது, அது அல்லாருக்கும். ரெண்டாங் கரண்டி சம்பூர்ணம் குடுக்கிறது.

அதுலேர்ந்து ஒரு புள்ள ஓடல. வேணும்னா ராஜாக்கண்ணு சார கேளுங்க. அவரு தன்னோட கண்டிப்பாலதான்னு நெனச்சிகினு கீறாரு, நெனச்சிக்கட்டும்.

ஆனா அந்தப்பக்கம் எல்லம்மா பாடு பேஜாராப் போச்சு. பகல் பூரா கோ சொல்லிக்குடுப்பா. சாயங்காலம் நான் ஒரே கரண்டில அத்த வழிச்சி எடுத்துடுவேன். மறுநாளு காலைல கேட்டா அத்தினியும் கம்மு. அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. கதவ தொறந்துகினு வெளிய போயி போயி காட்டினா. இந்தப் புளியமரத்த சுத்தி புள்ளைங்கள கோ கோன்னு ஓட வுட்டா. பஸ்ஸு படம் போட்டா, மாட்டுவண்டி படம் போட்டா. ஒரு நாளு அவளே பெட்டிய தூக்கிகினு, கைய ஆட்டி ஆட்டி, ரோட்டு வரிக்கும் நடந்தா. புள்ளைங்க மெய்யாலுமே ஊருக்குப் போறான்னு நெனச்சி அழுதுடுச்சிங்க. மிஸ்ஸு கம், மிஸ்ஸு கம்முன்னு பின்னாலயே ஓடுதுங்க. நான் இங்கேர்ந்து பாத்துகினே இருந்தேன். அம்சவல்லிக்கு மட்டும் ரெண்டு எடமும் தெரியும். கிளாசுல கோ சொல்லுவா, இங்க வந்தா கம்மு. பாக்கிப் புள்ளைங்க, எதுக்கு வம்புன்னு, எங்கியும் கம்மே சொல்லிடும். வெல்லத்தூளுன்னா சும்மாவா?

அவகிட்ட சொல்லியிருக்கலாமேன்றீங்களா? சொல்லலாம்னுதான் சார் இருந்தேன். அவ கேக்கல. கேக்காததுக்கு நானா போயி எதுக்கு பதில் சொல்லணும்?

ஒரு தபா துணி தொவைக்கிற கல்லாண்ட ஒக்காந்து, 'நான் நல்ல ஆசிரியை அல்ல, அம்மையாரே'ன்னு அழுதா. எனக்கு மனசு கேக்கல. அன்னிக்கு சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ கண்ணத் தொடச்சிகினு, இது என் தப்பு அல்ல, இதுல ஏதோ கீதுன்னு எழுந்துட்டா. அதுலேர்ந்து ஒரே ஆராய்ச்சி. ஊர் ஊரா போவா, கெழவன் கெழவின்னு பாக்காம புடிச்சி ஒக்கார வெச்சி கேப்பா. எங்க பெரியவரு வேடியப்பன்கிட்ட போயி, 'செல்'லுன்றதுக்கு உங்க மலைப்பேச்சுல இன்னா வார்த்தன்னு கேட்டிருக்கா. அவளுக்கு மெட்ராசுல போறதுக்கு செல்லுன்னுதான் சொல்லிக்குடுத்திருக்காங்க. 'போ'ன்னா நாயத் தொரத்தற சொல்லு, மனுசங்ககிட்ட சொல்லாதன்னு வேற சொல்லி அனுப்பியிருக்காங்க. வேடியப்பன் இன்னா பண்ணுவாரு? செல்லுன்னா கறையாம்மா, மரத்த அரிச்சிடும், வேப்பெண்ண பூசுன்னாரு. இவ அடுத்த ஊருல கேட்டா, அங்கியும் கறையானு. அதுக்கு அடுத்த ஊருலயும் கறையானு. ஒரு பொம்பள வூட்டுக்குள்ள கூப்ட்டுகினு போயி உத்தரத்தையே காட்டிட்டாளாம்.

அன்னிக்கு ஓடி வந்தா பாருங்க, மூச்சு வாங்குது, மூஞ்செல்லாம் செவந்து கெடக்குது. என்னைய கட்டிப் புடிச்சிகினு, கண்டுபிடிச்சேன் அம்மையாரேன்றா. இன்னாத்தன்னு கேட்டேன். இந்த மலை சனங்க மனசுல போறதுன்ற எண்ணமே கெடையாதாம். எல்லாமே வர்றதுதானாம். சுத்தி மலையா இருக்கறதால, எங்க போனாலும் திரும்பி வந்தே ஆவணும்னு ஆதி காலத்துலேர்ந்து இவங்களுக்கு ஒரு நெனப்பாம். அதான் புள்ளைங்க நாக்குல கோ நிக்க மாட்டேங்குதாம். ஒலகத்துல எங்கியும் யாரும் இப்பிடி பாத்ததில்லயாம்.

நான் இன்னா சார் சொல்றது? கையில மாவு. அப்பிடியா எல்லம்மா, நல்லதும்மான்னேன்.

அத்த அப்பிடியே எழுதி அவ காலேஜுக்கு அனுப்பிட்டா. அவங்களுக்கு தல கால் புரியல போலகீது, மேல எழுது, மேல எழுதுன்னு சொல்லி அனுப்புறாங்க. இப்ப ஒரு கட்டு சேந்துபோச்சு. எனக்கு இருக்கற ஆத்திரம் இன்னான்னா, அந்தக் கட்டுல மலை வருது, வேடியப்பன் வர்றாரு, கறையான் கூட வருதாம் சார், சம்பூர்ணம் மட்டும் வரல. அம்சவல்லிய வுட்டு தேடச் சொன்னேன், எம் பேரே இல்ல. அத்தினி புள்ளைங்களுக்கு கம்மு சொல்லிக்குடுத்து நிக்க வெச்சது யாரு? கோதும கிளறி, வெல்லம் தட்டி, கையி வலிக்க வலிக்க ரெண்டாங் கரண்டி போட்டது யாரு? பட்டம் மட்டும் அவளுக்கு.

இன்னா சார், பொர ஏறிடுச்சா? தலைய தட்டிக்குங்க. வெல்லக் காப்பிய அப்பிடி மடக்குனு குடிக்கக்கூடாது.

பட்டம் அவ வாங்கட்டும் சார், எனக்கு எதுக்கு? அத்த வெச்சி அடுப்பு ஊதவா போறேன்? ஆனா பட்டம் வந்துட்டா கெளம்பிடுவா. அத நெனச்சாதான் பகீர்னுது. இங்க வேற யாரு இருக்காங்க என்னாண்ட ஒக்காந்து பேச? ராஜாக்கண்ணு சாரு சாப்பாட்டுல உப்பு இல்லன்னாதான் வாயத் தொறப்பாரு. இவ ஒருத்திதான், நான் எத்த சொன்னாலும், அப்படியா அம்மையாரேன்னு கண்ண அகலமா வெச்சிகினு கேப்பா. பாதி புரியாது அவளுக்கு. இருந்தும் கேப்பா. அப்பிடி ஒருத்தரு கேட்டா பேசற வாயிக்கு எம்மாம் சந்தோசமா கீது தெரியுமா? இன்னிக்கு காலைல சாக்பீசு வாங்க செங்கம் கெளம்பினா. வாசப்படி தாண்டறப்ப திரும்பிப் பாத்து, 'ஐ யாம் கமிங், அம்மையாரே'ன்னா. அவளுக்கே ஒட்டிகிச்சி சார். சொல்லிக்குடுக்க வந்தவ கத்துகினா. நான் திரும்பிகினு அடுப்ப ஊதினேன், புகைன்னு சொல்லிக்கலாமேன்னு.

இதுல இன்னொரு தலவேதன. அந்தப் பட்டம் சும்மா வராதாம். மெட்ராசுல ஒரு பெரிய வாத்தியாரு கீறாராம், அவ காலேஜுக்கு இங்க கண்காணிப்பு. அந்தாளு நேருல வந்து, புள்ளைங்கள பேச வுட்டு, இவ எழுதுனது நெசந்தானான்னு பாத்து தலையாட்டினாதான் பட்டமாம். எப்ப வருவான்னு தெரியல. இவளுக்கு சோறு எறங்கல, தூக்கம் இல்ல. எனக்கு அந்தாள நெனச்சாலே எரிச்சலு. மெட்ராசுல காத்தாடி கீழ ஒக்காந்துகினு, தடிக் கண்ணாடிய மூக்கு நுனில வெச்சிகினு, அடுத்தவங்க எழுதுனதுல தப்பு தேடறதே பொழப்பா வெச்சிருப்பான். இங்க வந்தான்னா எண்ண டின்னு மேலயா ஒக்காருவான்? அவனுக்கு நாற்காலி வேணும். அவனுக்கு நான் காப்பி வெச்சித் தரணும். வரட்டும், ரெண்டு உப்புக்கல்லப் போட்டுத் தர்றேன்...

ஏன் சார் எழுந்துட்டீங்க? பஸ்ஸு இன்னும் வரல.

இன்னா?

...நீங்களா?

இல்ல சார், வெளையாடாதீங்க. நீங்க நட்சத்திர ஆபீசு. நான்தான் கேட்டனே. நீங்க ஒண்ணும் சொல்லல, நான்தான்... ஐயோ. மெட்ராசா? எல்லம்மா வர்றதுக்கு முன்னால தனியா பாக்கணும்னு சொல்லாம கொள்ளாம வந்தீங்களா? காலைல புள்ளைங்கள நிக்க வெச்சி எங்க போறீங்க எங்க போறீங்கன்னு இங்கிலீசுல கேட்டது அதுக்குத்தானா? அதுங்க இன்னா சொல்லிச்சி? அத்தினியும் கம்முதானே சொல்லிச்சி? அப்ப சரியாப் போச்சே சார், நீங்களே உங்க காதால கேட்டுட்டீங்களே, அப்புறம் இன்னா?

ஒக்காருங்க சார். நாற்காலி கொண்டாரட்டுமா? உப்புக்கல்லு போடல, நீங்க குடிச்சது நல்ல காப்பி.

இந்தா பாருங்க. நான் இத்தினி நேரம் சொன்னதெல்லாம் சும்மா. சமையக்கட்டுல ஒண்டியா கெடக்கற பொம்பள, பொழுது போவல... பொழுது... பொழுது வரல. அதான் இட்டுக் கட்டி பேசிட்டேன். கரண்டியாவது, வெல்லத்தூளாவது. எனக்கு இங்கிலீசே தெரியாது சார். எல்லம்மா எழுதுனதுதான் நெசம். எங்க மலைல அந்த வார்த்தையே கெடையாது. ஆடு காட்டுக்கு மேய வரும். தண்ணி பள்ளத்துக்கு வரும். செத்தவன் கூட சுடுகாட்டுக்கு வருவானே தவிர வேற மாதிரி இல்ல. சின்னராசா? அவன் வாணியம்பாடிக்கு வந்துட்டான் சார். அங்க வந்து, வூடு புடிச்சி... ஆமா, வந்தவந்தான். நாங்க அல்லாரும் பொறந்ததுலேர்ந்து வந்துகினேதான் இருக்கோம்.

ஏன் சார் சிரிக்கிறீங்க? நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பான்னு தெரியல.

சரி. நெசம் நெசந்தான், அத்த நான் முழுங்க முடியாது. பண்ணது நான்தான். ஆனா அவ பொய் எழுதல சார். அவ காதுல வுழுந்தத எழுதினா. புள்ளைங்க தப்பு பண்ணா, அது ஏன்னு பாத்து சொன்னா பட்டம், அதானே உங்க சட்டம்? அப்ப என்னையும் ஒரு புள்ளன்னு வெச்சிக்குங்களேன். செவுத்துக்கு இந்தப்பக்கம் ஒக்காந்து அவ பாடத்த மொத நாளுலேர்ந்து வுடாம கேட்டது நான்தான். ஒரு நாளு மட்டம் போடல. சிட்டு தெரியும், ஸ்டாண்டு தெரியும், வாட்டரு தெரியும். அவ மொகத்த பாக்காமயே கத்துகினேன். தப்பு பண்ண புள்ள நான், தப்புக்கு காரணம் சின்னராசு. அப்பிடி எழுதச் சொல்லுங்க. எழுதிட்டுப் பட்டத்த குடுத்துடுங்க. ரெண்டு வருசமா அந்தப் பொண்ணு கோதும உப்புமா தின்னுட்டு, கொசுக்கடில ஒக்காந்து எழுதினது வீணாப் போவக்கூடாது சார். அவ ஊருக்கே... வரட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. அழுவறதுன்னா நான் இங்க தனியா அழுதுக்கறேன், அடுப்பு கீது, புகை கீது.

ஏதாச்சும் சொல்லுங்க சார். இத்தினி நேரம் நான் பேசறப்ப கம்முனு இருந்தீங்க, சரி. இப்பவாச்சும் பேசலாமில்ல?

அது ஆரன் சத்தம். பஸ்ஸுதான். இருங்க, நின்னு ஆள ஏத்திகினுதான் வரும்... எங்க நிக்குது? பாருங்க அந்த டிரைவர, ஆளில்லன்னு நெனச்சிகினு மெதுவா கூட ஆக்கல. சார், உங்க பை, இந்தாங்க பை. யோவ், நிறுத்துயா! பஸ்ஸு போவுது சார், போங்க, அந்தப்பக்கமா குறுக்கால போங்க, முள்ளு கீது, பாத்துப் போங்க, ஓடிப் போங்க சார்...

ஏறிட்டாரு.

ஐயோ, எத்தினி போங்க சொன்னேன்? அடியே அம்சவல்லி, நீ எப்ப வந்து நின்ன? நான் எத்தினி தபா சொன்னேன்? எண்ணாத, வாய மூடு. போச்சுடி, எல்லம்மா பட்டம் போச்சு. மலைல அந்த வார்த்தையே இல்லன்னு சத்தியம் பண்ணாத கொறையா சொல்லிட்டு, ரோடு பூரா கேக்கறாமாரி நானே கத்திட்டேன்.

இன்னா, ஜன்னல்ல தலைய நீட்டி ஏதோ சொல்றாரு. சார், கேக்கல சார். பஸ்ஸு சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இன்னொரு தபா சொல்லுங்க.

அம்சவல்லி, உனக்கு கேட்டுதா? இன்னா சொன்னாரு?

'ஐ யாம் கமிங்'னா? அவரா சொன்னாரு, மெட்ராசு சாரா? நல்லா கேட்டியாடி?

வாங்க சார், வாங்க! அடுத்த தபா வர்றப்ப தட்டோட வாங்க. உங்களுக்கு ரெண்டாங் கரண்டி உண்டு.